ஆடு தீண்டா டீசல்

சேலத்திலிருந்து வரும் லாரிகள் தொப்பூர் கணவாயில் முக்கி முனகி ஏறி, நல்லம்பள்ளியைத் தொடும்போதுதான் கொஞ்சம் மூச்சு விடும். அந்த ஏற்றம் குடிக்கிற டீசலுக்கு அளவே கிடையாது. சாலையை விட்டு இறங்கினால் மானாவாரிக் காடு. ராகி, நிலக்கடலை, மரவள்ளி, வரப்போரம் ஆமணக்கு. வேலியில், வேறு வேலையே இல்லாததுபோல் காட்டாமணக்கு நிற்கும். ஆடு கடிக்காது, மாடு மோந்துவிட்டுத் திரும்பிவிடும். அதனாலேயே வேலிக்கு ஆனது. தண்ணீர் விடுவாரும் இல்லை, உரம் வைப்பாரும் இல்லை. இந்தச் செடியின் விதையைப் பிழிந்து அந்த லாரிக்கு ஊற்றிவிடலாம் என்று ஒரு காலத்தில் டெல்லியில் கணக்குப் போட்டார்கள். இந்தியா எரிக்கும் டீசலில் ஐந்தில் ஒரு பங்கு இப்படியே வந்துவிடும் என்றது அந்தக் கணக்கு. அந்தச் செடியின் வேரைத் தேடிப் போனால், முதலில் ஒரு கப்பல்தான் தென்படுகிறது.

காட்டாமணக்கு நம்மூர்ச் செடி அல்ல. பிறந்த இடம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். மிளகாயும் மரவள்ளியும் வந்த அதே கடல்வழியில், போர்ச்சுகீசிய மாலுமிகள் இதையும் கேப் வெர்டே தீவுகள் வழியாக ஆப்பிரிக்கக் கரைக்கும் ஆசியக் கரைக்கும் கொண்டுவந்து சேர்த்தார்கள் என்பது தாவரவியலாளர்களின் கணிப்பு. கேப் வெர்டேயில் அதற்கு மரியாதை இருந்தது. அங்கிருந்து விதை லிஸ்பனுக்கும் மார்செய் துறைமுகத்துக்கும் கப்பலேறி, சோப்பாகவும் விளக்கெரிக்கும் எண்ணெயாகவும் மாறியது. 1753-ல் லின்னேயஸ் அதற்கு ஜட்ரோபா குர்காஸ் என்று பெயர் எழுதிவைத்தார். ஆசியாவில் அது பெரும்பாலும் வேலியோடு நின்றுவிட்டது. ஒரு கிளையை ஒடித்து மண்ணில் குத்தினால் போதும், பிடித்துக்கொள்ளும். ஊருக்கு ஊர் அப்படித்தான் பரவியது. கப்பலில் வந்த விதைகள் வெகு சில. அவற்றின் வாரிசுகளே கோடிக்கணக்கில் பெருகின. அந்தச் சில விதைகள் பின்னால் செய்யப்போகும் வம்பு அப்போது யாருக்கும் தெரியாது.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் அதற்குச் சில்லறை வேலைகள் இருந்தன. சிறுவர்கள் காம்பை ஒடித்து, கசியும் பாலில் குமிழி ஊதினார்கள். வெட்டுக்காயத்துக்குப் பாலைத் தடவினார்கள், குச்சியில் பல் துலக்கினார்கள். பழுத்த காயைப் பாதாம்பருப்பு என்று நினைத்துத் தின்ற பிள்ளைகள் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக மருத்துவமனைக்குப் போன செய்தி இன்றைக்கும் வருகிறது. (குளத்தில் மண்டும் ஊதாப்பூ நெய்வேலிக் காட்டாமணக்கு வேறு செடி. இரண்டையும் ஒன்றாக்கி எழுதிய பத்திரிகைகள் உண்டு.) விதையில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய், ஆனால் தின்ன முடியாத எண்ணெய். தின்ன முடியாது என்ற அந்தக் குறையே பிறகு பெரிய தகுதியாகப் போனது. அதற்கு முன் ஜெர்மனியில் ஓர் இயந்திரம் வெடிக்க வேண்டியிருந்தது.

1893 ஆகஸ்ட் 10. ஆக்ஸ்பர்க் நகரத் தொழிற்சாலையில் ருடால்ஃப் டீசல் தன் புதிய எஞ்சினுக்குள் முதன்முறையாக எரிபொருளைச் செலுத்தினார். உள்ளே தீப்பிடித்தது, அழுத்தத்தை அளக்கும் கருவி சிதறித் தெறித்தது. டீசல் மயிரிழையில் தப்பினார். தோல்விதான் என்றாலும், தீப்பொறி இல்லாமல் வெறும் அழுத்தத்தாலேயே எரிய வைக்க முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது. அன்றைக்கே அவர் கடலை எண்ணெயில் எஞ்சினை ஓட்டினார் என்று சொல்லப்படுவது பிழை. கடலை எண்ணெய் வந்தது ஏழு வருடம் கழித்து. 1900-ல் பாரிஸ் பொருட்காட்சியில் ஓட்டோ நிறுவனம் காட்டிய ஒரு சின்ன டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியது. சத்தமோ புகையோ வித்தியாசமாக இல்லாததால், பார்த்தவர்களில் பெரும்பாலானோருக்கு அது தெரியவே இல்லை. ஆப்பிரிக்கக் காலனிகளில் நிலக்கடலை ஏராளமாக விளைந்ததால் பிரெஞ்சு அரசுக்கு இந்த யோசனையில் அக்கறை இருந்தது. 1913 செப்டம்பரில் டிரெஸ்டன் என்ற கப்பலில் இங்கிலாந்து புறப்பட்ட டீசல், இரவோடு இரவாகக் காணாமல் போனார். எண்ணெய் வித்தில் எஞ்சின் ஓடும் கதையும் அவரோடு முடிந்துவிட்டது போலிருந்தது.

முடிந்துவிடாமல் காப்பாற்றியவர் பெல்ஜியத்தில் இருந்தார். தாவர எண்ணெயின் பிரச்சினை அதன் கெட்டித்தன்மை. டீசலைவிடப் பல மடங்கு குழகுழவென்று இருப்பதால், நாளடைவில் எஞ்சினின் நுண்துளைகளில் கரி கட்டி அடைத்துவிடும். பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகத்து சவான், 1937 ஆகஸ்ட் 31-ல் ஒரு காப்புரிமை பெற்றார். எண்ணெயோடு ஆல்கஹாலையும் ஒரு வினையூக்கியையும் சேர்த்தால், எண்ணெய் மூலக்கூறு உடைந்து கிளிசரின் தனியாகக் கீழே இறங்கிவிடும். மேலே டீசல்போல மெலிந்த திரவம் நிற்கும். அடுத்த வருடமே, பனை எண்ணெயிலிருந்து இப்படி வடித்த எரிபொருளில் பிரஸ்ஸல்ஸுக்கும் லூவானுக்கும் இடையே ஒரு பேருந்து ஓடியது. இன்று பயோடீசல் என்கிறோமே, அது பிறந்த நாள் எது என்று கேட்டால் இந்தக் காப்புரிமை நாளைத்தான் நான் சொல்வேன். குழந்தை பிறந்த சூட்டில் உலகப் போர் வந்தது. போர் முடிந்ததும் மலிவு விலையில் பெட்ரோலியம் பெருக்கெடுத்தது. பேருந்தை மறந்துபோனார்கள். அறுபது வருடத்துக்கும் மேல் கழித்து அந்த வேதியியல் இந்தியாவில் ஒரு ரயிலில் ஏறியது.

2002 டிசம்பர் 31-ல் டெல்லி – அமிர்தசரஸ் சதாப்தி விரைவு ரயில் 5 சதவீதம் பயோடீசல் கலந்த எரிபொருளில் ஓடிக் காட்டியது. ரயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்கு மாதம் போனது. 2003 ஏப்ரலில் திட்டக்குழுவின் உயிரி எரிபொருள் குழு அறிக்கை வெளியானது. சமையல் எண்ணெயையே இறக்குமதி செய்கிற நாடு கடலையையும் கடுகையும் எஞ்சினில் ஊற்ற முடியாது. ஆகவே தின்ன முடியாத எண்ணெய் வேண்டும். நல்ல நிலத்தைத் தொடக் கூடாது, ஆகவே தரிசில் வளர வேண்டும். ஆடு மேயக் கூடாது. வறட்சி தாங்க வேண்டும். இத்தனை நிபந்தனைகளையும் வைத்துக்கொண்டு தேடினால் கை நீட்டும் தூரத்தில் வேலியில் நின்றது காட்டாமணக்கு. ஹெக்டேருக்கு 2,500 செடி, செடிக்கு ஒன்றரைக் கிலோ விதை, ஆக 3.75 டன், பிழிந்தால் 1.2 டன் எண்ணெய். டீசலில் 20 சதவீதம் கலக்க 1.12 கோடி ஹெக்டேர் போதும் என்று முடிந்தது பெருக்கல். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 1.30 கோடி ஹெக்டேர்தான். அதைவிட விசித்திரம் செடிக்கு ஒன்றரைக் கிலோ என்ற எண். வேலியில் நின்ற செடியைத் தோட்டப் பயிராக நட்டுப் பல வருடம் எடைபோட்டுப் பார்த்தவர்கள் அன்று இந்தியாவில் அரிது. ஏட்டில் சுரைக்காய் காய்த்துவிட்டது. நாடு முழுக்கக் கறி சமைக்க அடுப்பு மூட்டினார்கள்.

2004-ல் குஜராத்தின் பவநகர் ஆய்வகம் தயாரித்த காட்டாமணக்கு டீசலில் ஒரு மெர்சிடிஸ் கார் இந்தியச் சாலைகளில் சுமார் 5,900 கிலோமீட்டர் ஓடியது. 2005 சுதந்திர தின உரையில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் எரிசக்தித் தற்சார்புக்கு இந்தச் செடியின் பெயரைச் சொன்னார். சத்தீஸ்கரில், இனி டீசல் வளைகுடாவிலிருந்து வராது, வீட்டுக் கொல்லையிலிருந்து வரும் என்ற பொருளில் முழக்கமே பிறந்தது. தஞ்சாவூர் – நாகூர், திருச்சி – லால்குடி தடங்களில் ரயில் எஞ்சின்கள் காட்டாமணக்கு எண்ணெய் கலந்த டீசலில் ஓடின. 2007-ல் பிரிட்டனின் பி.பி. நிறுவனம் டி1 ஆயில்ஸ் நிறுவனத்தோடு கைகோத்து 16 கோடி டாலர் திட்டத்தை அறிவித்தது. அதே டி1 தமிழ்நாட்டில் மோகன் புருவரீஸுடன் சேர்ந்து ஒப்பந்த சாகுபடியில் இறங்கியிருந்தது. தமிழக அரசும் மானியம், கூட்டுறவுக் கடன் என்று தூக்கிவிட்டது. 2008 டிசம்பர் 30-ல் ஏர் நியூசிலாந்தின் போயிங் 747, ஓர் எஞ்சினில் பாதிக்குப் பாதி காட்டாமணக்கு எரிபொருளோடு ஆக்லாந்து வானில் சுற்றி இறங்கியது. வேலிச் செடி வானத்தையே தொட்டுவிட்டது. தரையில் நட்டிருந்த செடிகளுக்கு மூன்று வயது ஆகிக்கொண்டிருந்தது; காய்க்க வேண்டிய பருவம்.

காய்க்கவில்லை. செழித்து வளர்ந்தது, இலை தழைத்தது, பூத்தும் விட்டது. பூவில்தான் சூட்சுமம். காட்டாமணக்கில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொத்தில் தனித்தனியாகப் பூக்கும். விசாகப்பட்டினத்தில் பூக்களை எண்ணிப் பார்த்த ஆய்வாளர்கள், ஒரு பெண் பூவுக்கு 29 ஆண் பூ என்று 2002-லேயே எழுதியிருந்தார்கள். ஒரு கிலோ விதை என்றால் ஏறக்குறைய 1,500 விதை. காய்க்கு மூன்று விதையாக 500 காய். 500 பெண் பூ பிசகாமல் சூல் கொள்ள வேண்டும். அதற்குத் துணையாக 14,500 ஆண் பூக்கள் பூத்து உதிர்ந்திருக்கும். செடி தன் சக்தியையெல்லாம் மாப்பிள்ளை வீட்டாருக்கே விருந்து வைத்துச் செலவழித்தது. போதாததற்கு, ஒரே கொத்தில் ஒரு காய் கறுத்து வெடிக்கும், பக்கத்துக் காய் பச்சையாக நிற்கும். ஒரே தடவையில் அறுத்துக் கட்ட முடியாது. திரும்பத் திரும்ப ஆள் விட்டுப் பறிக்க வேண்டும். கூலி கொடுத்து, காயை உடைத்து, விதையை உலர்த்தி எடைபோட்டால், பல தோட்டங்களில் ஏக்கருக்குச் சில நூறு கிலோதான் தேறியது. தரிசிலும் வளரும் என்று சொன்னதில் பொய் இல்லை. வளரும், காய்க்கும் என்று சேர்த்துச் சொன்னதில்தான் பிழை. காய்க்க அதற்கும் தண்ணீர் வேண்டியிருந்தது, உரம் வேண்டியிருந்தது. தண்ணீரும் உரமும் இருக்கிற விவசாயி ஏன் காட்டாமணக்கு நட வேண்டும் என்ற கேள்விக்கு ஒரு அறிக்கையிலும் பதில் இல்லை.

பூச்சிகள் இன்னொரு பாடம் நடத்தின. ஆடு தீண்டாத செடியைப் பூச்சியும் தீண்டாது என்று நினைத்திருந்தார்கள். வேலியில் ஒற்றை வரிசையாக நின்றவரைக்கும் அது ஓரளவு உண்மைதான். ஏக்கர் கணக்கில் நெருக்கி நட்டதும் மாவுப்பூச்சி வந்தது, காயைத் துளைத்துச் சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி வந்தது, கொத்தைப் பின்னிக்கட்டித் தின்னும் புழு வந்தது. இலையில் மஞ்சள் திட்டு விழுந்து சுருண்டது, தேமல் நோய். 2006-ல் கர்நாடக ஆய்வாளர்கள் அதைப் பதிவு செய்தார்கள். அதைப் பரப்புவது வெள்ளை ஈ. அதற்குக் காரணமான வைரஸ் மரவள்ளித் தேமல் வைரஸுக்கு நெருங்கிய சொந்தம். காட்டாமணக்கும் மரவள்ளியும் ஆமணக்கும் ஒரே குடும்பம் என்பதைச் செடிகள் மறக்கவில்லை, திட்டம் போட்டவர்கள்தான் மறந்திருந்தார்கள். சேலம், தர்மபுரி வட்டாரத்தில் ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளி விளைவிக்கிறவர்களுக்கு இந்தச் சொந்தம் இனிக்கிற செய்தி அல்ல. இத்தனைக்கும் பிறகு விளைந்ததை விற்கப் போனபோது, விலை என்ற கடைசி அடி காத்திருந்தது.

2005 அக்டோபரில் மத்திய அரசு கொள்முதல் விலை அறிவித்தது. 2006 ஜனவரி முதல் எண்ணெய் நிறுவனங்கள் பயோடீசலை லிட்டர் 25 ரூபாய்க்கு வாங்கும். ஒரு லிட்டருக்கு மூன்று கிலோவுக்கு மேல் விதை வேண்டும். ஆட்டுகிற செலவு, ஆல்கஹால், லாரி வாடகை எல்லாம் ஒரு பைசாகூட ஆகாது என்று வைத்துக்கொண்டாலும் விதைக்குக் கிலோ எட்டு ரூபாய் கட்டாது. கொள்முதல் நிலையங்கள் திறந்திருந்தன. கொண்டுவந்து ஊற்றத்தான் ஆள் இல்லை. 2009 ஜூலையில் பி.பி. விலகிக்கொண்டது. அந்த வருடக் கடைசியில் மத்திய அமைச்சரவை, ஒன்றும் நடக்காததுபோல், 2017-க்குள் 20 சதவீதம் என்ற உயிரி எரிபொருள் கொள்கைக்கு ஒப்புதல் கொடுத்தது. 2010-ல் ஆரிசா மோன்டோபியோவும் சரச்சந்திர லேலேயும் தமிழ்நாட்டுக் காட்டாமணக்குத் தோட்டங்களை நேரில் ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை நயம் பாராட்டாமல் பேசியது. விளைச்சல் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு, சாகுபடி கட்டுப்படியாகவில்லை, தண்ணீர் வசதி உள்ளவர்களே ஓரளவு தாக்குப்பிடித்தார்கள், சிறு விவசாயிகள் மேலும் நொடித்தார்கள் என்றது. உழவர்கள் ஆய்வுக் கட்டுரைக்காகக் காத்திருக்கவில்லை. செடியைப் பிடுங்கிவிட்டுப் பழைய பயிருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஆய்வகங்களில் சிலர் வேறொரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்: நல்ல விளைச்சல் தரும் செடியைத் தேர்ந்தெடுத்து நட்டால் என்ன?

தேர்ந்தெடுக்க ஒன்றுமே இல்லை என்பதுதான் பதிலாக வந்தது. ஐதராபாத் எண்ணெய்வித்து ஆராய்ச்சி இயக்ககத்தின் பாஷாவும் சுஜாதாவும் இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து 42 செடிகளைத் திரட்டி, கூடவே மெக்சிகோவின் நஞ்சில்லாத ரகம் ஒன்றையும் வைத்து மரபணுக் கைரேகை எடுத்தார்கள். 2007-ல் முடிவு வெளியானது. இந்தியச் செடிகளுக்குள் வேறுபாடு மிகக் குறைவு. மெக்சிகோ ரகம் மட்டும் தள்ளி நின்றது. கப்பலில் வந்த அந்தச் சில விதைகள் இப்போது கணக்குத் தீர்த்தன. நாட்டின் நான்கு மூலைக்கும் போய்ப் பொறுக்கினாலும் கிடைப்பது அக்கா தங்கைகளே. மெக்சிகோவில் வறுத்துத் தின்கிற அளவுக்கு நஞ்சில்லாத ரகம்கூட இருக்கிறது. இங்கே வந்து சேர்ந்தது ஒரே ஒரு கிளை.

வெளியிலிருந்து ரத்தம் ஏற்றினால்தான் ஆகும் என்று மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் முடிவு செய்தார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தது வீட்டு வாசலில் அழகுக்கு வைக்கிற, சிவப்புப் பூ பூக்கும் ஜட்ரோபா இன்டகெரிமா. காட்டாமணக்கோடு அதைக் கலந்து, பிறந்த கலப்பினங்களை மறுபடி மறுபடி காட்டாமணக்கோடு சேர்த்து வடிகட்டி, 2009-ல் பார்த்திபன் குழுவினர் புதிய கலப்பினங்களைப் பற்றி எழுதினார்கள். 2010 கடைசியில் ஜப்பானின் கசுசா நிறுவனம் காட்டாமணக்கின் மரபணுத் தொகுப்பையே வாசித்து முடித்தது. செய்ய வேண்டிய வேலைகள் எல்லாம் செய்யப்பட்டன. ஆனால் எல்லாமே தோட்டம் போட்டு, கடன் வாங்கி, செடியைப் பிடுங்கிய பிறகு.

முன்னதாகவே செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு ஒரே குடும்பத்துச் சாட்சி வரப்பிலேயே நிற்கிறது. ஆமணக்கிலும் ஆண் பூ தொல்லை இருந்தது. அமெரிக்காவின் டெக்சாஸில் கிட்டத்தட்ட பெண் பூக்களாகவே பூக்கும் ஓர் ஆமணக்கு வரிசையை உருவாக்கினார்கள். அது குஜராத்துக்கு வந்தது, உள்ளூர் ரகத்தோடு சேர்ந்தது, 1968-ல் ஜி.சி.எச். 3 பிறந்தது. இந்தியாவில் வணிக அளவில் பயிரான முதல் வீரிய ஒட்டு ஆமணக்கு அதுதான். இன்று உலக ஆமணக்கில் பெரும்பங்கு இந்தியாவில், அதிலும் குஜராத்தில் விளைகிறது. சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில், நல்லம்பள்ளிக்குப் பக்கத்து மாவட்டத்திலேயே, மரவள்ளி – ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 2009-ல் அங்கிருந்து ஒய்.ஆர்.சி.எச். 1 என்ற வீரிய ஒட்டு வெளியானது. ஒரு வினோதம், ஆமணக்கெண்ணெய் டீசலுக்குச் சரிப்படாது. வேதியியல் மாற்றத்துக்குப் பிறகும் அது அவ்வளவு கெட்டி. மசகு எண்ணெயிலும் சாயத்திலும் மருந்திலும் அது டீசலைவிட நல்ல விலைக்குப் போகிறது. விதை முதலில், விரிவாக்கம் பிறகு என்று போனது அண்ணன். தம்பிக்கு வரிசையைத் தலைகீழாக மாற்றினார்கள்.

2018 ஆகஸ்ட் 27-ல் டேராடூனிலிருந்து டெல்லிக்கு ஒரு ஸ்பைஸ்ஜெட் விமானம் பறந்தது. அதில் ஊற்றிய கலப்பு எரிபொருளில் கால் பங்கு, சத்தீஸ்கர் காட்டாமணக்கிலிருந்து டேராடூன் பெட்ரோலிய ஆய்வகம் வடித்தது. கைதட்டினார்கள், படம் எடுத்தார்கள். அந்த வருடம் மே மாதம் வந்த புதிய உயிரி எரிபொருள் கொள்கையோ பழைய 20 சதவீதத்தைச் சத்தமில்லாமல் மடித்துவைத்துவிட்டு, 2030-க்குள் டீசலில் 5 சதவீதம் என்று எழுதியது. அன்றைய நிலவரம் 0.1 சதவீதத்துக்கும் குறைவு என்று அதே ஆவணம் ஒப்புக்கொண்டது. அப்படியானால் அந்த 5 சதவீதம் எங்கிருந்து வரும்?

கடலை வறுத்த, வடை சுட்ட சட்டியிலிருந்து. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் உடம்புக்குக் கேடு என்பதால், 2018 ஜூலை 1 முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதற்கு ஒரு வரம்பு வைத்தது. சிதைவுப் பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் சமைக்கக் கூடாது. கொட்ட வேண்டிய எண்ணெயை என்ன செய்வது என்ற கேள்விக்கு சவானின் 1937 காப்புரிமை பதில் வைத்திருந்தது. சட்டியில் கரிந்த எண்ணெய்க்குப் பூச்சி இல்லை, பெண் பூ கணக்கு இல்லை, மூன்று வருடம் காத்திருக்க வேண்டியதும் இல்லை. 2019 ஆகஸ்ட் 10-ல், டீசலின் கருவி வெடித்த அதே தேதியில், நூறு நகரங்களில் இந்தப் பழைய எண்ணெயிலிருந்து தயாராகும் பயோடீசலை வாங்கிக்கொள்வதாக எண்ணெய் நிறுவனங்கள் அறிவித்தன. 2006-ல் காட்டாமணக்கு டீசலுக்கு அரசு வைத்த விலை லிட்டருக்கு 25 ரூபாய். பஜ்ஜிக் கடை எண்ணெயில் பிறக்கும் டீசலுக்கு முதல் வருடமே 51 ரூபாய் என்று விலை வைத்தார்கள்.